சிரித்தால்தான் எடுக்கும் கேமரா

என் அருமை அண்ணாத்தைக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். வேறு யாரிடமும் கேட்க முடியாத ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். உன் கேமராவால் வந்த வினை இது. அதனால் பதில் சொல்ல வேண்டிய ஆளும் நீதான். பதில் வராது என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கிவிட்டார்கள். உன் மகள் யாழினி உன் தோளைத் தாண்டிவிடுவாள் போல வளர்ந்துவிட்டாள், ஒன்பதாவது போகிறாள். நான் அதே வண்ணாரப்பேட்டை ரெடிமேட் கடை, அதே பில் போடுகிற நாற்காலி. மெட்ரோ ரயில் வந்ததிலிருந்து அரை மணி நேரம் மிச்சம், அந்த அரை மணியையும் அம்மாவைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்து போவதில் செலவழிக்கிறேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நீ பார்த்த அதே வரிசையில்தான் நிற்கின்றன. உன் இடத்துக்குக் கன்டெய்னர் யார்டில் ஒரு புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். அவர் செல்போனிலேயே படம் எடுக்கிறாராம். உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

செல்போனா கேமராவா என்று நாம் போட்ட சண்டையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. கையில் இருக்கிற செல்லிலேயே கேமரா இருக்கிறதே, தனியாக ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைவானேன் என்று நான்தான் ஆரம்பித்தேன். நீ பிடித்துக்கொண்டாய்.

“இன்னாமே பேசுற? செல்லுல ஜூம் பண்ணா, எடுத்த படத்தையே இஸ்து இஸ்துப் பெருசாக்குது, அவ்ளோதான். இதுல பாரு, கண்ணாடியே முன்னால போவுது. நான் தரையில நின்னுகினே மூணாவது அடுக்குல கீற பொட்டியோட நம்பரைப் படிக்கிறேன். உன் செல்லு படிக்குமா?”

எனக்கு உன் வேலையே அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. எர்ணாவூர்ப் பக்கம் யார்டுக்குள் ஒரு கன்டெய்னர் நுழைந்தால் அதைச் சுற்றி வந்து, நாலு பக்கமும், மேலும் கீழும், எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது என்று படம் எடுத்து வைப்பது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் வருகிறதா என்று இருட்டில் நின்று பார்ப்பது. சித்திரை வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் நின்றுவிட்டு வந்து, சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும் என்பாய். நாளைக்கு எவனாவது ‘இந்த நசுங்கல் உங்கள் யார்டில்தான் விழுந்தது’ என்று வந்து நின்றால், உள்ளே வரும்போதே எடுத்த படம், தேதியும் நேரமும் ஓரத்தில் பதிந்த படம், அதை எடுத்துக் காட்டுவாய். வந்தவன் பேசாமல் போவான்.

கையுறை போட்ட கையோடு அமுக்குகிற பட்டன். படம் எடுக்கும்போது குறுக்கே போன் வராது. ஒரு பேட்டரி தீர்ந்தால் பாக்கெட்டில் இன்னொன்று. கார்டைக் கழற்றி ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டால் முந்நூறு படமும் டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். சரியில்லை என்றால் அங்கேயே பார்த்து, அங்கேயே அழித்து, மறுபடி எடுக்கலாம், பிலிம் தீர்ந்துவிடும் என்ற கவலை இல்லை. கன்டெய்னர் கதவில் போட்டிருக்கிற சீல் நம்பரைக் கிட்டத்தில் போய் எடுக்கத் தனியாக ஒரு பூப் படம் போட்ட பட்டன். கை நடுங்கினாலும் படம் நடுங்காது. நீ சொல்லச் சொல்ல நான் கொட்டாவி விட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றாய். கற்பூரத்தை வைத்துக்கொண்டு நீயே சுற்று என்று நானும் சொன்னேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் உன் கேமரா ஜெயித்ததை நான் ஒத்துக்கொண்டேன். அம்மாவை நீ சிரிக்க வைத்து எடுத்தாயே, போன பொங்கலுக்கு, அந்தப் படம். முன்பல் விழுந்த நாளிலிருந்து நான் பார்த்த எந்தப் படத்திலும் அம்மா வாயைத் திறந்ததில்லை. என் கல்யாணப் படத்தில்கூட ரேஷன் கார்டு முகத்தோடுதான் நிற்கிறாள். அவளை எப்படி மடக்கினாய் என்று கேட்டேன். “அதெல்லாம் கேமராவே பாத்துக்கும்மே” என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குக் கரும்பைக் கடித்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கே விவரமாகச் சொல்லித் தொலைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

நீ போன நாளுக்கு வருகிறேன். காலையில் டீ குடித்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்ததெல்லாம் எனக்கு இப்போதும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. மறுநாள் மதியம் உன்னைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, மாலை போட்டு, வாசல் பந்தலில் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். எடுப்பதற்கு முன்னால் குடும்பமே சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வதுதான் நம் தெரு வழக்கமாயிற்றே. அப்பாவுக்கு எடுத்தது நம் கூடத்தில் தொங்குகிறது, நீ அரை டிராயரோடு அழுதுகொண்டு நிற்பாய்.

தெருவில் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. அம்மா ஒரே பிடியாக நின்றாள். “எம் புள்ளையோட கேமராவுலதான் எடுக்கணும். புஷ்பா, நீயும் படத்துல இருக்கணும்.” அதனால் உன் மூன்று கால் ஸ்டாண்டைக் கொண்டுவந்து கேமராவை அதில் மாட்டினேன். திரையில் எல்லாரும் தெரிகிறார்களா என்று பார்த்தேன். உன் முகத்தைச் சுற்றியும் ஒரு சின்னச் சதுரம் வந்து நின்றது, அண்ணாத்தே. உயிரோடு இருக்கிறவர்களின் முகத்தைக் கண்டுகொண்டதும் கேமரா போடுகிற அதே சதுரம். திரையில் வேறெதையும் பார்க்காமல் பட்டனை அமுக்கினேன், முன்னால் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது, டைமர் ஓடுகிறது என்று நினைத்து ஓடிப்போய் ஓரத்தில் நின்றுகொண்டேன்.

பத்து எண்ணினேன். எடுக்கவில்லை. இருபது எண்ணினேன். மேளக்காரர்கள் தெருமுனையில் அடித்துக்கொண்டிருந்தார்கள், வண்டி தயாராக நின்றது, ‘நேரமாவுது, நேரமாவுது’ என்று யாரோ சத்தம் போட்டார்கள். விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும், நாங்கள் அத்தனை பேரும் உன்னைச் சுற்றி ஆடாமல் நின்றோம். பிறகு பளிச்சென்று ஒரு வெளிச்சம். உன்னைத் தூக்கிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, கேமராவின் கார்டை டிவியில் போட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பெரிதாகப் பார்க்கலாம், இதுவும் நீ பீற்றிக்கொண்ட வசதிதான். படம் வந்தது. எல்லாரும் அழுத முகத்தோடு நிற்கிறோம். உனக்கு வலது பக்கத்தில் அண்ணி, பல் வரிசை முழுக்கத் தெரிய.

பெரியம்மாதான் ஆரம்பித்தது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதை. “அய்ய, இங்கப் பாருடி. புருசன் பொணத்தாண்ட நின்னுகினு சிரிக்கிறா!”

அண்ணி டிவியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். நானாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சிரிப்பு மாதிரிதான் தெரிந்தது. அதற்காக நீ என்னைத் திட்டிக்கொள்.

அன்றிலிருந்து அம்மா அண்ணியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சமையலறை ஓரத்தில் தனியாக ஒரு ஸ்டவ் வைத்துக்கொண்டு தனக்கு மட்டும் பொங்கினாள். அண்ணி வைத்த குழம்பைத் தொடுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் யாழினியைப் பார்த்துச் சொல்வாள், அண்ணியும் யாழினியைப் பார்த்தே பதில் சொல்வாள். பாவம் அந்தப் பெண், நடுவில் போஸ்ட் ஆபீஸ் மாதிரி நின்றது. நான் தினமும் வந்து பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, இரண்டு தெரு தள்ளி என் வீட்டுக்குப் போய்விடுவேன்.

இப்போது உன் முதல் வருஷம் வருகிறது. போன மாதம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். “அந்தப் படத்தைப் பெருசா போட்டு, கண்ணாடி மாட்டிக் கொண்டாடி. உங்க நைனா பக்கத்துல மாட்டணும். ஆனா அவ இருக்கக் கூடாது. எம் புள்ளையாண்ட பல்லக் காட்டிகினு நின்னவ எஞ் செவுத்துல இருக்கக் கூடாது. எடுத்துடு.”

எடுத்துவிடலாம், அதுதான் கொடுமை. எங்கள் கடையில் விளம்பரப் படங்களைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் கேட்டேன். ஐந்து நிமிட வேலை, நின்ற இடமே தெரியாது, பின்னால் பந்தல் துணியை வைத்து மூடிவிடலாம் என்றார்.

அம்மா சொன்னது அண்ணி காதில் விழாமலா இருக்கும்? மறுநாளே யாழினியின் பள்ளிக்கூடத்துக்கு டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டாள். காசிமேட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “செவுத்துல இல்லாதவ வூட்டுல மட்டும் இன்னாத்துக்கு, புஷ்பா?”

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அம்மாவுக்குப் பிள்ளை போன வயிற்றெரிச்சல், அதில் நியாயம் இல்லையென்று எப்படிச் சொல்வது? அண்ணி உன்னோடு பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவள், அவளை ஒரு பல் வரிசைக்காக வெட்டி எறிவதா? ஆனால் அவள் சிரித்தாளா இல்லையா? சிரித்திருந்தால் ஏன்? அந்தக் கேள்வியோடு கேமராவை என் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

பையைத் துழாவியதில் அந்தச் சின்னப் புத்தகம் கிடைத்தது. வாங்கிய நாளிலிருந்து நீ மட்டும் படித்த புத்தகம். ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு விளக்காகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆரஞ்சு விளக்கு மினுக்கினால் டைமர் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. இன்னொரு பக்கத்திலும் அதே ஆரஞ்சு விளக்கு, ஆனால் பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த முறையில் வைத்தால் எதிரில் நிற்கிறவர் சிரிக்கும்வரை கேமரா காத்திருக்கும், சிரித்த உடனே தானே எடுத்துக்கொள்ளும்.

கேமராவைத் திறந்து பார்த்தேன். திரை ஓரத்தில் அதே சிரிக்கிற முகம். பொங்கலுக்கு நீ வைத்தது, அப்படியே இருந்திருக்கிறது. பொங்கல் லீவு முடிந்து யார்டுக்குப் போய் அதை மாற்றுவதற்குள் நீ போய்விட்டாய், கடைசியில் உன் சாவுக்கும் அதே முறையில்தான் நான் எடுத்திருக்கிறேன்.

அத்தனை நேரம் எடுக்காமல் நின்றது ஏதோ கோளாறு என்றுதானே நினைத்தேன்? கோளாறே இல்லை. அது சிரிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. உன் பிணத்தைச் சுற்றி நின்ற எங்களில் ஒருத்தர் சிரித்ததால்தான் அந்தப் படமே இருக்கிறது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னால் போதும், அண்ணியின் கதை அன்றோடு முடிந்தது.

ஆனால் கேமராவுக்கு என்ன தெரியும், பல்லைக் கண்டால் சிரிப்பு என்று நினைத்துக்கொள்ளுமோ? சோதித்துப் பார்த்தேன், சிரிக்காதே. டிவி மேசைமேல் கேமராவை வைத்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முறைத்தேன், எடுக்கவில்லை. சிரித்தேன், எடுத்தது. வாயைக் கோணி, பல்லை இளித்து, நாடகக்காரி மாதிரி அழுது காட்டினேன். மூன்றாவது தடவை பளிச்சென்று எடுத்தது! அப்படியானால் அண்ணி அழுததையும் அது தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் உன் ஞாபகமும் வந்து, நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. நிஜமாக அழுததை அது எடுக்கவே இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் பேசுவது?

பிறகுதான் அந்தப் படத்தைக் கேமராவிலேயே பெரிதாக்கினேன். எடுத்த படத்தை அங்கேயே எட்டு மடங்கு, பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று நீ காட்டியிருந்தாய், சீல் நம்பர் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க. அண்ணியின் முகம் திரை முழுக்க வந்தது. கன்னத்தில் ஈரக் கோடு. வாய் திறந்திருக்கிறது, ஆனால் உதடு கீழே இழுத்துக்கொண்டு நடுங்குகிற வாய். அது சிரிப்பில்லை, அண்ணாத்தே. டிவியில் தூரத்திலிருந்து பார்த்தபோது சிரிப்பாகத் தெரிந்தது, கிட்டத்தில் அது ‘அய்யோ’ என்கிற வாய்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் விரல் சும்மா இருந்ததா? அம்புக்குறியை அமுக்கிப் பக்கத்து முகத்துக்கு நகர்ந்தேன். அம்மா. உன் தோள்மேல் குனிந்து நிற்கிறாள், உன் ரோஜா மாலை அவள் முகத்தில் பாதியை மறைத்திருக்கிறது, அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. மீதிப் பாதியில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. உதடு விரிந்திருக்கிறது. கன்னம் மேலே ஏறியிருக்கிறது. விழுந்த முன்பல்லின் இடைவெளி தெரிகிறது. பின்னால் போய்ப் பொங்கல் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே முகம், அதே சிரிப்பு, தண்ணீர் மட்டும்தான் புதிது.

மறுநாள் சாயங்காலம் நேராக அண்ணியிடம் போனேன். மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் உதறித்தானே மடிக்க வேண்டும் நம் ஊரில், அவ்வளவு தூசி. நான் கேமராவைக் காட்டி, ‘அண்ணி, அம்மா...’ என்று இழுத்தேன்.

“இன்னா புஷ்பா, இப்பத்தான் பாத்தியா?” என்றாள்.

அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கையில் உன் மகளின் சீருடையை வைத்துக்கொண்டே சொன்னாள். “அத்தைய எடுக்கணும்னா உங்க அண்ணன் அந்தச் சிரிப்பு பட்டனத்தான் போட்டு வெப்பாரு. ‘ம்மா, பல்லு தெரிஞ்சாத்தான் இது எடுக்கும், இல்லாட்டி நாள் பூரா இங்கியே நிக்கணும்’பாரு. அவங்களும் வீம்பா நின்னு பாப்பாங்க. கால் வலி தாங்காம கடைசில சிரிப்பாங்க. எடுத்துரும். அன்னிக்கி எம் பக்கத்துல நின்னுகினு, ‘எடுக்க மாட்டேங்குதே, எம் புள்ளையத் தூக்க நேரமாவுதுன்னு சொல்றாங்களே, எடுக்க மாட்டேங்குதே’ன்னு முனகிகினே இருந்தாங்க. அப்பால சத்தத்தக் காணோம். திரும்பிப் பாத்தேன். பல்லக் காட்டிகினு நிக்கிறாங்க, புஷ்பா. கண்ணுல தண்ணி ஊத்துது. எனக்குத் தாங்கல, வாய உட்டு அழுதேன். அப்பதான் பளிச்சுன்னுச்சு.”

இத்தனை மாதமாக ஏன் அண்ணி சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இன்னான்னு சொல்ல? புள்ளையப் பறிகுடுத்த கெயவியாண்ட போயி, ‘சிரிச்சது நான் இல்ல, நீ’ன்னு சொல்றதா? நம்பாது. நம்பிச்சுன்னா அதவிட மோசம், அன்னிக்கே உசுரு பூடும்.” துணியை உதறிய உதறலில் கோபம் இருந்தது. “அதுக்கோசரம் நான் பெரிய தெய்வம்னு நெனச்சிக்காத. எனக்கும் எரியுது. தாங்க முடியாமத்தான் கெளம்புறேன். நீயும் வாயத் தொறக்காத.”

சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. சொன்னால் அம்மா தாங்குவாளா? சொல்லாவிட்டால் அண்ணியும் யாழினியும் போய்விடுவார்கள், செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு. நீயாக இருந்தால் என்ன செய்வாய்? ‘படத்தை எடுத்துக் காட்டு, பேசாமல் போவான்’ என்பாய். பெற்ற தாயிடம் அப்படிக் காட்ட முடியுமா?

பாதியை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது, நான் தெரியாமல் சிரிப்பு பட்டனில் வைத்துவிட்டேன், இது அழுகையைக்கூடச் சிரிப்பென்று நினைத்துக்கொள்கிற முட்டாள் கேமரா என்று சொன்னேன். நம்புவதற்காக எதிரில் நின்று வாயைக் கோணி அழுது காட்டினேன். நல்லவேளை, இரண்டாவது தடவையே எடுத்தது. பிறகு அண்ணியின் முகத்தைப் பெரிதாக்கி அம்மாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அந்த ஈரக் கோட்டைக் காட்டினேன்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். “அழுதுகினுதான் கீறா” என்றாள். அவள் குரலே மாறியிருந்தது. அப்பாடா என்று நான் கேமராவை வாங்கக் கையை நீட்டினேன், அம்மா விடவில்லை.

“அதில்லடி. எல்லாருந்தான அழுதுகினு நின்னோம்? அழுதா எடுக்கும்னா, அவ்ளோ நேரம் ஏன் எடுக்காம நின்னுச்சு?”

பள்ளிக்கூடம் போகாத நம் அம்மா, அண்ணாத்தே. வீட்டில் உட்கார்ந்து நான் இவ்வளவு சோதனை செய்தும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையே!

“என்னைக் காட்டு” என்றாள் அம்மா.

நான் அம்புக்குறியில் விரலை வைத்தேன். ஒரு அமுக்கு, அம்மாவின் முகம் வந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்தபிறகு அவளுக்கு என்ன ஆகும்? எனக்குப் பார்க்க தைரியம் இல்லை. விரலை மேலே நகர்த்தி, கேமராவை அணைத்துவிட்டேன்.

“பேட்டரி போச்சும்மா” என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. “சார்ஜ் போட்டு வையி. அப்பால பாக்குறேன்” என்றாள். எழுந்து இரண்டடி போனவள் திரும்பினாள். “படத்த முழுசாவே போடு. யாரையும் வெட்டாத.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா தன் ஸ்டவ்வைப் பற்றவைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். நானும் இருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்து அண்ணியைப் பெயர் சொல்லிக் கத்தினாள். “செல்வி! கொயம்புல உப்பு கம்மி!”

பத்து மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான். அண்ணி உப்பு ஜாடியோடு வந்து நின்றாள். முகம் எப்படியோ இருந்தது. அழுதாளா சிரித்தாளா என்று கேட்காதே, இனிமேல் அந்த விஷயத்தில் நான் வாயே திறப்பதில்லை. டி.சி. விண்ணப்பம் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது. கிழித்துப் போடவும் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.

இதெல்லாம் நடந்து இருபது நாள் ஆகிறது. பேட்டரியை அன்றைக்கே சார்ஜ் போட்டு, கேமராவை உங்கள் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அம்மா அந்தப் பக்கம் போகிறாள், வருகிறாள். போன வாரம் முந்தானையால் அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்ததைப் பார்த்தேன். ஆனால் ‘காட்டு’ என்று மட்டும் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாளா? இரண்டு மாத்திரை போடுகிறவள், மறந்திருக்கலாம். இல்லை, அவளுக்குத் தெரியுமா? அன்றைக்கே, பந்தலில் நின்றபோதே, தெரிந்துதான் சிரித்தாளா? உன்னோடு ஒரு கடைசிப் படம் வேண்டும், சிரித்தால்தான் கிடைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாளா? தெரிந்தே சிரித்தவள் அந்தப் பழியை அண்ணிமேல் ஏன் போட்டாள்? தன் முகத்தை நினைக்கப் பயந்து அடுத்தவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாளா? இல்லை, நான்தான் இல்லாததையெல்லாம் பெரிதாக்கிப் பார்க்கிறேனா? எத்தனை மடங்கு ஜூம் பண்ணினாலும் இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை, அண்ணாத்தே. நீ இருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுக் கரும்பைக் கடித்துக்கொண்டு போயிருப்பாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் படத்தை அழிக்க மாட்டேன், அதில் ஒரு ஆளையும் வெட்ட விட மாட்டேன். அம்மா கேட்கிறவரை நானாகக் காட்டவும் மாட்டேன். என்றைக்காவது அவள் கேட்டால் மறுபடியும் பேட்டரிமேல் பழி போட மாட்டேன். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அண்ணி, அம்மாவின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தை அவளுக்குக் காட்டுவேன். ‘நீ சிரிச்சதாலதாம்மா அவன் நம்மகூட இந்தப் படத்துல கீறான்’ என்று சொல்வேன்.

அதுவரை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் கூடப்பிறந்த வாயாடி,
புஷ்பா
திருவொற்றியூர்